பழைய ரைபிள்களும் அபூர்வத் தோட்டாக்களும்

ராணுவம் கழித்துப்போட்ட போல்ட்-ஆக்‌ஷன் ரைபிள்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். படை புதிய ஆயுதத்துக்கு மாறியதும் பல நாடுகள் கிடங்கில் கிடந்த பழைய ரைபிள்களை மொத்தமாக வியாபாரிகளுக்கு விற்றுவிட்டன. 50 வருடம் கடந்த துப்பாக்கிகளை வாங்க அங்கே சேகரிப்பாளர்களுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. புதிதாக வருபவர் விலையைப் பார்ப்பார், கட்டையின் மினுமினுப்பைப் பார்ப்பார். பழகிய கை முதலில் கேட்பது, “இது எந்தத் தோட்டாவுக்கு?” என்றுதான்.

தோட்டாவின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 8×50ஆர் என்று எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ., மருந்து அடைத்த பித்தளை உறையின் நீளம் 50 மி.மீ. ‘ஆர்’ என்றால் உறையின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுட்டபின் போல்ட்டை இழுக்கும்போது கொக்கி பிடிப்பது இந்த விளிம்பைத்தான்.

இந்த 8×50ஆர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் தோட்டா. அதைச் சுட்ட 1895 மாடல் மன்லிக்கர் ரைபிள் சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை. போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கித் திருப்ப வேண்டாம். நேராகப் பின்னால் இழுத்து, நேராகத் தள்ளினால் போதும். ஐந்து தோட்டாக்களும் இரும்புக் கிளிப்போடு சேர்ந்தே உள்ளே போகும். கடைசித் தோட்டா அறைக்குள் ஏறியதும் காலிக் கிளிப் அடியிலுள்ள திறப்பு வழியாகக் கீழே விழும். கிளிப் இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுட வேண்டும். அதனால் கிளிப்புக்கும் தனி மதிப்பு.

முதல் உலகப் போருக்குப் பின், 1930களில், ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் 8×56ஆர் என்ற வலிமை கூடிய தோட்டாவுக்கு மாறின. பழைய மன்லிக்கர்களைத் தூக்கி எறியவில்லை. தோட்டா அறையை நீளமாகக் குடைந்து புதியதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். அப்படி மாற்றியதன் மேல் ஆஸ்திரியாவில் ‘எஸ்’ என்றும் ஹங்கேரியில் ‘எச்’ என்றும் பெரிய எழுத்தைப் பொறித்தார்கள். அந்த ஓர் எழுத்து தெரியாமல் இந்த ரைபிளை வாங்கக் கூடாது. புதிய தோட்டா பழைய அறைக்குள் முழுதாகப் போகாது, அதில் ஆபத்தில்லை. பழைய தோட்டாவோ நீண்ட அறைக்குள் தாராளமாகப் போய்விடும். சுட்டால் பித்தளை உறை கிழியலாம், சூடான வாயு பின்பக்கமாகச் சீறலாம்.

8×56ஆருக்கு இன்னொரு தொல்லை. மற்ற ‘8 மி.மீ.’ ராணுவத் தோட்டாக்களில் குண்டு சுமார் 8.2 மி.மீ.; இதில் 8.36. கடையில் எளிதாகக் கிடைக்கும் குண்டு குழலுக்குள் தளர்ந்துபோகும். இதனால் பலர் ஈயத்தை உருக்கித் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். 1938 என்று அடியில் பொறித்த, நாஜிக் கழுகு முத்திரையிட்ட பழைய சரக்கும் சந்தைக்கு வந்தது. அது சுடும், ஆனால் அதன் பற்றவைப்பு மருந்து விட்டுச்செல்லும் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டாக வேண்டும்.

இதே 8×50ஆரின் இன்னொரு கிளை இந்தியாவில் இருக்கிறது. ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு .303ஐத் தடுத்தது. வேட்டைக்காரர்களுக்கு வேறு தோட்டா தேவைப்பட்டபோது உதவியது இந்த ஆஸ்திரியத் தோட்டா. அதன் வாரிசுதான் இன்று உரிமம் வைத்திருப்போர் வாங்கும் .315.

நம் போலீஸார் நெடுங்காலம் தோளில் சுமந்த ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற .303 ரைபிளுக்கும் இப்படிப் பல அவதாரங்கள். மேற்கு வங்கத்தின் இச்சாபூர் தொழிற்சாலை அதைக் காவல் பணிக்காக .410 மஸ்கெட்டாக மாற்றியது. குழலின் மரை நீங்கியது, மேகசினை மரக்கட்டை அடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே தொழிற்சாலை ராணுவத்தின் புதிய 7.62 மி.மீ. தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 ரைபிள்களைச் செய்தது. பழைய .303ஐச் சுரண்டி மாற்றியது என்று பலர் இதை மட்டமாகப் பேசுகிறார்கள். அது தவறு. 7.62இன் அழுத்தம் அதிகம் என்பதால் உயர்ந்த எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை இவை. 12 தோட்டா கொள்ளும் சதுர மேகசினைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். ஆங்கிலேயர் வடிவமைப்பை நம் தொழிலாளர்கள் ஒரு படி மேலே கொண்டுபோன வேலை இது, மரியாதைக்குரியது.

மன்லிக்கரின் மேல் பொறித்த ‘எஸ்’, ‘எச்’ எழுத்தை மட்டும் நம்பவும் முடியாது. கைமாறிய இடங்களில் யாரோ அறையைக் குடைந்திருப்பார்கள். குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி, வார்ப்பெடுத்து அளந்து பார்ப்பதே நிச்சயமான வழி. அதைத் துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் செய்ய வேண்டும்.

இந்தியாவில் .303 இன்றும் தடைசெய்யப்பட்ட ரகம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. தாத்தா காலத்து ரைபிள் ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், “பொருந்துகிறதா பார்ப்போம்” என்று எந்தத் தோட்டாவையும் அதில் போடாதீர்கள். உரிமம் இல்லையென்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.