அந்திக் கடலும் ஆளுருவும்

திருகோணமலை கிழக்குக் கரை நகரம். ஆதலால் ஞாயிறு கடலினின்று எழுவதைக் காண்பது இங்குள்ளோர்க்கு எளிது. அது நீரின்மேல் தாழ்வதைக் காண்பதோ அரிது. கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் பக்கத்தே விடியற் காட்சி வாய்க்கும். அந்திக் காட்சியை விரும்புவோர் நகரின் மறுபுறம் வந்து ஓர்ஸ் ஹில்லில் ஏறல் வேண்டும். அங்கே உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு மேற்கு நோக்கி விரிந்து கிடக்கும். அதற்கப்பால் சீனன்குடாப் பக்கத்து நிலம் கருங்கோடாய்த் தோன்றும். ஞாயிறு மறைவது அந்நிலத்தின் பின்னேயாயினும், அதன் நிறம் முழுவதையும் ஏந்துவது நீரே.

இத்தகைய இடத்திற் கமராவுடன் நிற்பவர் யாவர்க்கும் ஒரு வினா எழும். கரையிலே ஒருவர் நடந்து வருகிறார். வள்ளம் ஒன்றில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கடந்து போகும்வரை பொறுத்து, கடலையும் வானையும் மாத்திரம் படமெடுப்பதா? அன்றி, அவர்கள் வந்து சேரும்வரை பொறுத்து, அவர்களையும் சேர்த்தெடுப்பதா? இயற்கையின் தூய்மையை மனித உரு கெடுக்கும் என்பர் ஒருசாரார். ஆளில்லாக் காட்சி உயிரில்லாக் காட்சி என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றும் அடிக்கடி கேட்கப்படுபவை; ஆயின் எத்தகைய ஆள், எந்நிலையில், எதன் பொருட்டு என்பதை இவ்விரு சாராரும் பெரும்பாலும் வினவுவதில்லை.

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் கடலும் கடல் சார்ந்த நிலத்தையும் நெய்தல் என வகுத்து, பகலின் இறுதிக் கூறாகிய எற்பாட்டை அதற்குரிய சிறுபொழுதாக்கிற்று. கடலும் அந்தியும் ஒன்றற்கொன்று உரியன என்று கண்ட மரபு இது. நிலமும் பொழுதும் முதற்பொருள். வலை, வள்ளம், மீன், புள் முதலியன கருப்பொருள். மாந்தர்தம் அகவொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அந்நூலின் துணிபு. அஃதாவது கடல் தன்பொருட்டுப் பாடப்படுவதன்று. இரங்கி நிற்கும் ஒருவரின் பொருட்டே பாடப்படுவது. ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனாரின் கடலும் அத்தகையதே.

மேனாட்டுப் படக்கலை வேறொரு வழியிற் சென்றது. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் பெரும்புகழ் பெற்றவை. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக இடங்கொடுத்தமையால், கடல் தெளிந்தால் வானம் வெளிறிவிடும். வானம் தெளிந்தால் கடல் இருண்டுவிடும். எனவே அவர் சில படங்களிற் கடலுக்கொரு தகடும் வானுக்கொரு தகடும் எடுத்து ஒன்றாக்கி அச்சிட்டார். அவர் கவலையெல்லாம் ஒளியைப் பற்றியதே, ஆளைப் பற்றியதன்று. அவ்வழியின் எல்லையைத் தொட்டவர் ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ. 1980 முதல் அவர் எடுத்துவரும் கடற்படங்களில் மேற்பாதி வான், கீழ்ப்பாதி நீர். ஆளில்லை, கலமில்லை, கரையுமில்லை. ஆதி மனிதன் கண்ட காட்சியை இன்றுள்ளோரும் காணக்கூடுமோ என்பது அவர் வினா. அவ்வினாவுக்கு ஆள் இல்லாமையே பொருந்தும். ஒரு மீனவரைச் சேர்த்தால் அது குறித்தவோர் ஊரின், குறித்தவோர் ஆண்டின் படமாகிவிடும்.

இவ்விரு வழிக்கும் இடையே ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்றிக் 1808இலிருந்து 1810வரை தீட்டிய 'கடலோரத் துறவி' நிற்கிறது. மாபெரும் வானின் கீழ் விரலளவேயான ஓர் உரு. அவ்வோவியர் முதலிற் கப்பல்களையும் வரைந்து, பின்னர் அவற்றை மறைத்துவிட்டார் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. கலங்களை நீக்கியவர் துறவியை நீக்கவில்லை. சிறியதேயாயினும் அவ்வுருவுக்கு அங்கே செய்தற்கொரு செயல் உண்டு. அது நோக்குகிறது, அது நோக்குவதாலேயே வானம் பெரிதாகிறது.

ஆளைச் சேர்த்தவர் எல்லாரும் இத்துணை நியாயத்துடன் சேர்த்தாரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் தொழில் நடத்திய ஸ்கீன், ஸ்கோவன் முதலிய படநிலையங்களின் காட்சிகளை நோக்குக. பெருமரத்தின் அடியிலோ அருவியின் பக்கத்திலோ இந்நாட்டவர் ஒருவர் நிறுத்தப்பட்டிருப்பார். மரம் எவ்வளவு உயரம் என்று வெளிநாட்டார்க்குக் காட்டும் அளவுகோல் அவர், வேறொன்றுமில்லை. அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

இன்றைய அந்திப் படங்களில் ஆளுரு அளவுகோலாக நிற்பதிலும் அலங்காரமாக நிற்பதே மிகுதி. இதற்குத் தென்கரை நல்ல சான்று. வெலிகம, கொக்கல ஆகிய இடங்களிற் கடலில் நட்ட கம்பின்மேல் அமர்ந்து தூண்டிலிடும் மீனவரை அமெரிக்கரான ஸ்டீவ் மக்கறி 1995இற் படமெடுத்தார். அப்படம் உலகெங்கும் பரவிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அத்தொழில் நலிந்தது. ஆயினும் கம்புகள் நிற்கின்றன. அந்தி நேரத்தில் அவற்றின்மேல் ஆட்களும் ஏறியிருக்கின்றனர். அவர்களுட் பலர் மீனுக்காக ஏறியவரல்லர். படமெடுப்போர் தரும் பணத்துக்காக ஏறியவர். இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை, வயிற்றுப்பாடு எவர்க்கும் உண்டு. படத்தைப் பார்ப்பவரோ மீன்பிடியைக் கண்டதாக எண்ணுகிறார். அவர் கண்டது மீன்பிடியின் வேடத்தையே.

இனி, ஆளுரு படத்தில் எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று விரித்துக் காண்டல் தகும். இதில் ஓர்ஸ் ஹில்லின் உயரம் பெரியதொரு வேறுபாட்டைச் செய்கிறது. சமதரையான கடற்கரையில் நின்று, கமராவைக் கண்மட்டத்திற் பிடித்து, தம்மொத்த உயரமுள்ள ஒருவரைப் படமெடுத்தால், அவர் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும், தொடுவானக் கோடு அவர் கண்ணருகே அல்லது கழுத்தருகே வெட்டிச் செல்லும். கழுத்தைக் கயிறிட்டாற்போன்ற இத்தோற்றமே பல கடற்கரைப் படங்களைக் கெடுப்பது. கமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் மார்பும் தலையும் வானில் எழும். உரு பெருமிதங் கொள்ளும். குன்றின்மேல் நின்று கீழே நோக்கினாலோ, கரையில் நிற்பவர் முழுவதும் தொடுவானக் கோட்டின் கீழேயே அடங்கிவிடுவர். அவர் வானத்தின் எதிரே நிற்பவரல்லர், நீரின் நடுவே நிற்பவர். வானை ஆளும் வீரராக அவரைக் காட்ட அவ்விடத்தில் இயலாது. கடலின் ஒரு கூறாகவே காட்ட இயலும்.

அவ்வாறு நீரின் நடுவே தோன்றும் உரு தெளிவாகத் தெரிவதற்கும் ஓர் இடம் உண்டு. ஞாயிற்றின் கீழிருந்து நோக்குவோரை நோக்கி நீளும் ஒளிப்பாதையின்மேல் வள்ளம் வரும்போது அதன் வடிவம் கருமையாய், கூர்மையாய்த் தோன்றும். பாதையை விட்டு விலகியதும் இருளில் மூழ்கிவிடும். வீச்சுவலை எறிபவர் அப்பாதையில் நின்றால், விரிந்த வலையின் நூல்கூடத் தெரிதல் உண்டு. அதற்கு ஷட்டர் ஒரு செக்கனில் ஐந்நூற்றிலொரு பங்கேனும் விரைந்து மூடல் வேண்டும்; நடப்பவருக்கு நூற்றிருபத்தைந்திலொரு பங்கு போதும்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். ஞாயிற்று வட்டம் கண்ணில் அடக்கும் கோணம் ஏறக்குறைய அரைப் பாகை. 50 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தால் அது படச்சுருளில் அரை மில்லிமீற்றர்கூட வராது. 200 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்தால் இரண்டு மில்லிமீற்றருக்குச் சிறிது குறையும். 1.6 மீற்றர் உயரமுள்ள ஒருவர் ஏறக்குறைய 170 மீற்றர் தொலைவில் நின்றாற்றான் ஞாயிற்று வட்டமும் அவரும் ஒத்த உயரத்தவராய்த் தோன்றுவர். 50 மீற்றரில் நின்றால் அவர் மும்மடங்கினும் பெரியவர். எந்த வில்லையை மாற்றினும் இவ்விகிதம் மாறாது. தொலைவை மாற்றினால்தான் மாறும். ஆளா, ஞாயிறா, எது தலைமை என்பதைத் தீர்மானிப்பது வில்லையன்று, கால்களே. அதற்கும் பொழுது குறைவு. ஏறக்குறைய எட்டரைப் பாகை வட அகலாங்கில் உள்ள திருகோணமலையில் ஞாயிறு சாயாமல் நேரே இறங்குவதால், வட்டத்தின் கீழ்விளிம்பு தொடுவானைத் தொட்டது முதல் மேல்விளிம்பு மறையும்வரை இரண்டு நிமிடத்தினும் சிறிதே மிகும்.

ஆள் இல்லாத கடலைப் பற்றியும் இவ்விடத்துக்குரிய செய்தியொன்று உண்டு. சுகிமோட்டோவின் வெறுங்கடல் காலங்கடந்தது. திருகோணமலையின் வெறுங்கடல் எப்போதும் அத்தகையதன்று. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் ஆண்டுகளிற் கிழக்குக் கரை மீனவர்க்குக் கடலிற் செல்லும் நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டிருந்தன. அக்காலத்து அந்தியில் வள்ளமில்லாத நீர்ப்பரப்பை ஒருவர் படமெடுத்திருப்பின், அதனை இயற்கையின் அமைதி என்று கூறுதல் பொருந்தாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களைப் பேரலை அழித்தபின் எடுத்த வெறுங்கரைப் படங்களும் அவ்வாறே. அங்கே ஆளில்லாமைதான் உரிப்பொருள். தொல்காப்பியம் நெய்தலுக்கு வகுத்த இரங்கலை வேறெந்தப் படமும் அத்துணைச் செவ்விதிற் காட்டாது. ஆளை நீக்கும் படப்பிடிப்பாளர் தாம் நீக்கினாரா, வேறெதுவும் நீக்கிற்றா என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விரண்டற்கும் நடுவே கருப்பொருள் என்னும் வழி திறந்திருக்கிறது. உலரவிட்ட வலை, கரையேற்றிய தோணி, மணலிற் கிடக்கும் மிதப்புக் கட்டை, வாடியின் வாயிலில் ஏற்றிய விளக்கு ஆகியன ஆளைக் காட்டாமலே ஆளை உணர்த்துவன. கச்சான் காலத்தில் நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரை ஊர்களின் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். பருவம் முடிந்து அவர்கள் சென்றபின் நிற்கும் வெற்று வாடியின் பின்னே ஞாயிறு மறைவதைக் காண்க. அப்படத்தில் ஓர் ஆளைக் கொணர்ந்து நிறுத்துதல் அதனை அழிப்பதேயாகும். வானம் சிவந்தாற் போதும், முன்னே எதையாவது நிறுத்திவிடலாம் என்னும் கொள்கை நாட்காட்டி அச்சிடுவோர்க்குப் பயன்படலாம்.

சேர்ப்பதாயின், கருநிழலாகவே சேர்க்க வேண்டும் என்னும் வழக்கும் ஆராய்தற்குரியது. வானுக்கு அளவிட்டு எடுத்தால் முகம் கருகும். அது ஒளியின் இயல்பு. இதில் ஒரு நன்மையுண்டு. கேளாது எடுக்கப்பட்ட ஒருவரின் அடையாளம் காக்கப்படுகிறது. குளிக்கும் பெண்டிரும் விளையாடும் பிள்ளைகளும் உள்ள கரையில் இது சிறு நன்மையன்று. தீமையும் அதனுள்ளேயே இருக்கிறது. முகமிழந்தவர் யாராகவும் ஆகலாம். ஆகவே படநிலையத்தார் நிறுத்திய பெயரிலா மனிதரின் நிலைக்கே அவரும் மீள்கிறார். செயல் ஒன்றே அவரை இதனின்று மீட்க வல்லது. துடுப்பை ஊன்றும் தோளுக்கும் வலையை உதறும் கைக்கும் முகம் வேண்டுவதில்லை. அத்தொழிலை அறிந்தவர் அவ்வளைவைக் கண்டே ஆளைத் தெரிந்துகொள்வர். கைகட்டி நிற்கும் நிழலுக்கு அவ்வாய்ப்பில்லை.

முகம் வேண்டுமெனின் ஞாயிற்றுக்குப் புறங்காட்டித் திரும்பினாற் போதும். ஓர்ஸ் ஹில்லின் சரிவில் மேற்கு நோக்கி அமர்ந்திருப்போர் முகங்களில் அந்த ஒளியே செந்நிறமாய் விழும். ஞாயிறு மறைந்தபின்னும் பத்து நிமிடம் வானொளி மெலிதாய் நின்று, கண்ணின்கீழ் நிழலும் இல்லாமற் செய்யும். அப்போது கேட்டு, இசைவு பெற்று, பெயரையும் குறித்துக்கொண்டு எடுக்கலாம். படத்திற் கடல் இராது. அவர்கள் எதை நோக்கியிருந்தனர் என்பது அவர்கள் கண்களில் இருக்கும்.