மடங்கும் திரைக்கு மதிப்பு எவ்வளவு?

மல்லேஸ்வரம் சம்பிகே சாலையில் பூக்கடைகளையும் காய்கறிக் கூடைகளையும் கடந்துதான் திறன்பேசிக் கடைகளை அடைய வேண்டும். அண்மையில் ஒரு மாலை, என் தமக்கையின் கணவருடன் அத்தகைய கடை ஒன்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றேன். அவர் கட்டுமானப் பொறியாளர். பணி ஓய்வுக்குப் பின்னும், இப்பகுதியில் பழைய ஓட்டு வீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழும் இடங்களுக்குச் சென்று வேலையைச் சரிபார்த்துத் தருகிறார். அவருடைய வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்திருந்தது. அதைக் கொண்டு மடக்குத் திறன்பேசி வாங்கலாமா என்பதே அன்றைய கேள்வி.

ஆசைக்குக் காரணம் இருந்தது. சாரத்தின் மீது நின்றபடி கம்பி வரைபடத்தைப் பார்க்க வேண்டியவருக்குச் சாதாரணத் திரை போதாது; சுருட்டிய தாளோ காற்றில் பறக்கும். சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 விரித்தால் எட்டு அங்குலத் திரை. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். விரித்த நிலையில் 4.2 மில்லிமீட்டர் தடிமன், எடை 215 கிராம். அந்நிறுவனத்தின் மடங்காத உயர்நிலைப் பேசியான எஸ்25 அல்ட்ராவின் எடை 218 கிராம் என்பதை நினைத்தால் இது சாதனைதான். ஆனால் மின்கலம் 4,400 மில்லி ஆம்பியர் மணி. எஸ்25 அல்ட்ராவுக்கோ 5,000. மெல்லிய உடலுக்குக் கொடுத்த விலை அது. ரூபாயில் விலை, 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, 1,74,999.

புது வடிவப் பேசிகளின் வரலாறு எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. முதல் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரலில் மதிப்புரையாளர்களின் கைக்குப் போன சில நாட்களிலேயே சிலருடைய திரைகள் பழுதாயின. திரையின் பகுதியாகவே இருந்த மேலுறையைச் சிலர் பாதுகாப்புத் தாள் என்று எண்ணி உரித்துவிட்டனர். வெளியீடு தள்ளிப்போய், திருத்தங்களுடன் அவ்வாண்டு அக்டோபரில்தான் 1,64,999 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. அதன்பின் மெல்லிய கண்ணாடித் திரை வந்தது. 2021இல் நீர்த் தடுப்பும் சேர்ந்தது. இன்று கீல் உடைந்துவிடுமோ என்ற பழைய அச்சத்துக்குப் பெரிதும் இடமில்லை.

எல்லாப் புது வடிவங்களுக்கும் இந்த நல்வாய்ப்பு அமையவில்லை. எல்ஜி விங் என்ற பேசியை நினைவிருக்கிறதா? மேல் திரையைச் சுழற்றினால் ‘டி’ எழுத்துப் போல நிற்கும். அடியில் சிறிய இரண்டாம் திரை தெரியும். 2020 அக்டோபரில் 69,990 ரூபாய்க்கு இங்கே அறிமுகமானது. 2021 ஏப்ரலில் அந்நிறுவனம் திறன்பேசித் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. அதே மாதம் இணைய விற்பனையில் அப்பேசி 29,999 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு மாதம் முன்பு முழு விலை கொடுத்தவரின் மனநிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வடிவம் புதுமையானதா என்பதைவிட, அவ்வடிவத்தை அந்நிறுவனம் தொடர்ந்து செய்யுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. ஃபோல்டு வரிசை 2025இல் ஏழாம் தலைமுறையை எட்டியது. ஏழாண்டு மென்பொருள் மேம்பாடும் உறுதியளிக்கப்பட்டுள்ளது. அந்த வகையில் கவலை குறைவு.

கடையில் எங்களுக்கு முதலில் சொல்லப்பட்டது ‘வட்டியில்லாத் தவணை’. வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்றைய திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். கடன் அட்டைக் கணக்கில் வட்டி இருக்கவே செய்கிறது. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. ஆண்டு வட்டி 16 விழுக்காடு எனக் கொண்டால், இப்பேசிக்கான பன்னிரண்டு மாதத் தவணையில் இந்த வரி மட்டும் சுமார் 2,570 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. பெருந்தொகை அன்று, ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்பதும் அன்று.

ரொக்கமாகக் கொடுத்தால் வேறொரு கணக்கு. 1,75,000 ரூபாய் 6.5 விழுக்காட்டில் ஓராண்டு இருந்தால் 11,375 ரூபாய் ஈட்டும். மூன்றாண்டுகள் பயன்படுத்துவதாகக் கொண்டால் பேசியின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 4,860 ரூபாய். அந்தத் தொகைக்கு உட்திரை ஈடுகொடுக்கிறதா?

அதை அறிய ஒரு வழி சொன்னேன். பதினைந்து நாட்கள் பையில் சிறு குறிப்பேடு வைத்திருங்கள். பேசியின் திரை போதவில்லை என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள் என்றேன். அத்தான் கணக்கில் கறாரானவர்; குறித்தார். மொத்தம் 46 முறை. அவற்றுள் 38 கட்டுமான இடத்தில். தேவை உண்மையானது என்பதில் ஐயமில்லை. சிக்கலும் அங்கேதான்.

ஃபோல்டு 7இன் பாதுகாப்புத் தரம் ‘ஐபி48’. இரண்டாம் இலக்கமான எட்டு, நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. முதல் இலக்கமான நான்கு, ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்களைத் தடுக்கும் என்று மட்டுமே பொருள்படும். சிமெண்டுத் தூள் அதைவிட எவ்வளவோ நுண்ணியது. பெங்களூரு மழைக்கு அஞ்ச வேண்டாம். தூசுக்கு அஞ்சத்தான் வேண்டும். 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த பிக்சல் 10 புரோ ஃபோல்டு ‘ஐபி68’ தரம் பெற்றது. அதனுள் தூசு புகாது. ஆயினும் அறிமுகத்தின்போது அதன் விலையும் 1,72,999 ரூபாயாக இருந்தது. மேலும் அத்தரம் உள்ளே புகுவதைப் பற்றியதே தவிர, மேலே கீறுவதைப் பற்றியதன்று. எல்லா மடக்குத் திரைகளின் மேற்பரப்பும் மென்மையான நெகிழிப் படலம்தான். மணல் ஒட்டிய விரல் அதில் கோடிட்டுவிடும். உட்திரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது, அதுவரை எல்லாவற்றுக்கும் உடனே விடை சொன்ன விற்பனை இளைஞர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனவே என் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. நாள்தோறும் மெட்ரோவில் சென்று வருகையில் அறிக்கை படிப்பவர், வாடிக்கையாளர் எதிரே அமர்ந்து அட்டவணை விரிப்பவர், பயணத்தில் மடிக்கணினியைச் சுமக்க விரும்பாதவர் ஆகியோருக்கு இப்பேசி கொடுத்த பணத்துக்குப் பொருந்தும். திரைக் காப்பீட்டின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சாரத்தில் நிற்பவருக்கு அன்று.

அவர் தடித்த ரப்பர் உறையுடன் எட்டு அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கினார். அத்தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தோளில் தொங்கும் துணிப்பையில் அது கிடக்கிறது. மீதி மீண்டும் வைப்புத்தொகையாயிற்று. ஆனால் எட்டாவது குறுக்குத் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குள் நுழைந்து, காட்சிக்கு வைத்திருக்கும் பேசியை இருமுறை விரித்து மடக்கிவிட்டு வருகிறார் என்று தமக்கை சொல்கிறாள்.