எலிமுகமும் முகமூடியும்: ஆர்ட் ஸ்பீகல்மனின் தன்னுரு மாற்றங்கள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஆர்ட் ஸ்பீகல்மன், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்பிழைத்த தம் தந்தையின் வரலாற்றை 'மவுஸ்' என்னும் படைப்பாக்கினார். அதில் யூதர்கள் எலிகளாகவும் செருமானியர்கள் பூனைகளாகவும் வரையப்பட்டுள்ளனர். படைப்பாளரும் ஓர் எலியாகவே தோன்றுகிறார். 1972ஆம் ஆண்டிற்கும் 1991ஆம் ஆண்டிற்கும் இடையில் அவர் தம்மை வரைந்த முறை மும்முறை மாறியது. அம்மாற்றங்களின் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்னுரு, சித்திரக்கதை, விலங்குருவகம், முகமூடி, உள்ளுறை

முன்னுரை

உரைநடையில் தன்வரலாறு எழுதுபவருக்கு 'நான்' என்ற ஒரு சொல் போதும். சித்திரக்கதையில் அந்த 'நான்' ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணும் காதும் உடையுமாகத் தோன்ற வேண்டும். அம்முகம் விலங்கின் முகமாக அமையுமாயின் அதனை 'விலங்குத் தன்னுரு' எனலாம். ஒருவர் தம் விலங்குத் தன்னுருவைத் திருத்தி வரைவது தோற்ற ஒற்றுமையைக் கூட்டுவதற்காகவே என்று பொதுவாகக் கருதப்படும். ஸ்பீகல்மனின் திருத்தங்கள் அந்நோக்கில் அமைந்தவை அல்ல. முகாமில் துன்புற்றவர் தந்தை; மகன் 1948இல், போர் முடிந்தபின் பிறந்தவர். துன்புற்றவரின் முகத்தைத் துன்புறாதவர் அணியலாமா என்ற வினாவே அத்திருத்தங்களுக்கு அடிப்படை.

முதல் வடிவம்: மிக்கி

1972இல் சித்திரக்கதைத் தொகுப்பிதழ் ஒன்றிற்காக விலங்குக் கதை வரையும் வாய்ப்பு ஸ்பீகல்மனுக்குக் கிட்டியது. அமெரிக்கக் கறுப்பின மக்கள்மீதான ஒடுக்குமுறையைப் பூனை - எலிக் கதையாக்கவே அவர் முதலில் எண்ணினார். அவ்வாழ்க்கை தம் அனுபவத்திற்குப் புறம்பானது என்று உணர்ந்து, தம் வீட்டில் கேட்ட கதைக்குத் திரும்பினார். அவ்வாறு உருவானதே மூன்று பக்க 'மவுஸ்'. எலியைக் குறிக்கும் செருமானியச் சொல்லே அதன் தலைப்பு.

இதில் தந்தை உறங்கும் வேளையில் மகனுக்குக் கதை சொல்கிறார். மகனின் பெயர் மிக்கி. உருண்ட முகம், பெரிய கண்கள், செறிவான நிழற்கோடுகள் எனக் குழந்தைகளுக்கான கேலிச்சித்திர மரபு இங்கு மேலோங்கி நிற்கிறது. கதையின் தொடக்கப் படமோ மார்கரெட் போர்க்-வைட் எடுத்த புக்கன்வால்ட் முகாம் ஒளிப்படத்தைத் தழுவியது. அதில் நிற்கும் எலிகளுள் ஒன்று 'அப்பா' என அம்புக்குறியால் சுட்டப்படுகிறது. வரலாற்றுச் சான்றும் கேலிச்சித்திர இனிமையும் ஒரே பக்கத்தில் மோதுகின்றன. படைப்பாளர் தம் சொந்தப் பெயரை இன்னும் ஏற்கவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இரண்டாம் வடிவம்: மனித முகம்

தாய் ஆன்யா 1968இல் தற்கொலை செய்துகொண்டார். அதனைப் பொருளாகக் கொண்டு 1973இல் வெளிவந்த நான்கு பக்கச் சித்திரக்கதையில் ஸ்பீகல்மன் தம்மை மனிதராகவே, சிறைக்கைதியின் கோடிட்ட உடையில் வரைந்தார். தம் சொந்தத் துயரைச் சொல்ல அவருக்கு விலங்குமுகம் தேவைப்படவில்லை. இப்பக்கங்கள் பின்னர் 'மவுஸ்' முதல் தொகுதிக்குள் அப்படியே இணைக்கப்பட்டன. எலிகளின் உலகில் திடீரெனத் தோன்றும் அம்மனித முகங்கள், எலிமுகம் ஒரு தெரிவே என்பதை வாசகருக்கு உணர்த்துகின்றன.

மூன்றாம் வடிவம்: ஆர்ட்டி

1980இல் பிரான்சுவா மூலியும் ஸ்பீகல்மனும் தொடங்கிய 'ரா' இதழில், அவ்வாண்டின் இறுதி முதல் விரிவான 'மவுஸ்' தொடராக வெளிவந்தது. முதல் தொகுதி 1986இல் நூலாயிற்று. இங்கு மகன் மிக்கி அல்லன். ஆர்ட்டி என்னும் சொந்தப் பெயருடையவன். உருவமும் மாறிவிட்டது. கண்கள் இரு புள்ளிகள். புருவங்கள் இரு கோடுகள். முகம் ஏறத்தாழ ஒரு முக்கோணம். தந்தை விளாடெக்கின் முகமும் மகனின் முகமும் அமைப்பில் ஒன்றே. மூக்குக்கண்ணாடியும் உடையும் பேச்சுமே அவர்களை வேறுபடுத்துகின்றன.

பெயர் தனிமனிதருக்கு உரியதாக நெருங்க, முகம் பொதுமைப்பட்டது. இம்முரண் பொருளுடையது. 1940இல் வெளியான நாஜிப் பரப்புரைத் திரைப்படமான 'நிலையான யூதன்' யூதர்களை எலிக்கூட்டத்தோடு இணைத்துக் காட்டியது. தனிமனித முகத்தை அழிப்பது அவ்வெறுப்பின் வழிமுறை. ஸ்பீகல்மன் அதே உருவகத்தை எடுத்துக்கொண்டு, முகவேறுபாடற்ற எலிகளுக்குத் தனித்த குரலையும் குணத்தையும் நினைவையும் வழங்கினார்.

இவ்வுருவகம் இயற்கையன்று என்பதற்கான குறிப்பு முதல் தொகுதியிலேயே உண்டு. போலந்தியர்கள் இந்நூலில் பன்றிகளாக வரையப்படுகின்றனர். விளாடெக்கும் ஆன்யாவும் மறைந்து திரியும் பகுதியில் இருவரும் பன்றி முகமூடி அணிகின்றனர். ஆயினும் தோற்றத்தால் எளிதில் யூதராக அடையாளம் காணப்படக்கூடிய ஆன்யாவின் எலிவால் வெளியே தெரிகிறது. முகமூடி இங்கு உயிர்காக்கும் கருவி.

நான்காம் வடிவம்: முகமூடி அணிந்த மனிதர்

1991இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியின் தொடக்கத்திலேயே தன்னுருச் சிக்கல் உரையாடலாகிறது. பிரெஞ்சுக்காரராகப் பிறந்து யூத சமயம் தழுவிய தம் மனைவியை எவ்விலங்காக வரைவது என ஆர்ட்டி தயங்குகிறார். தாமும் எலியே என்பது மனைவியின் வாதம். பிறப்பா, ஏற்பா, பிறர் சுமத்தும் அடையாளமா என்ற வினா இங்கு எழுப்பப்பட்டு, அடுத்த இயலில் படைப்பாளர்மீதே திரும்புகிறது.

அவ்வியலில் ஸ்பீகல்மன் வரைபலகைமுன் அமர்ந்திருக்கிறார். உடல் மனித உடல். முகத்தில் எலி முகமூடி. அதைக் கட்டிய கயிறு தலையின் பின்புறம் தெளிவாகத் தெரிகிறது. தந்தை 1982இல் இறந்ததையும், இப்பக்கத்தை 1987 பிப்ரவரி இறுதியில் தொடங்கியதையும், முதல் தொகுதி வெற்றி பெற்றதையும் அவர் அடுக்கிச் சொல்கிறார். அவருடைய மேசையின் கீழ் எலிப்பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. நேர்காணல் கேட்போரும் வணிகரும் சூழ்ந்துகொள்ள, அவர் சிறு குழந்தையின் அளவிற்குச் சுருங்குகிறார். தம்மைப் போலவே முகமூடி அணிந்த, முகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவரிடம் பேசித் திரும்பும் வழியில் வளர்கிறார். ஒலிநாடாவில் தந்தையின் குரலைக் கேட்டதும் மீண்டும் சிறுக்கிறார்.

கயிறே இவ்வடிவத்தின் மையம். விளாடெக் முகாமில் எலியாக்கப்பட்டவர். அம்முகத்தைக் கழற்றும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. மகனோ அதைக் கட்டிக்கொண்டவர். பிறர் மரணத்திலிருந்து பிறந்த நூல் தமக்குப் புகழ் தருகிறது என்ற குற்றவுணர்வின் முன், முழு எலியாகத் தம்மை வரைவது பொய்யாகிவிடும். முகமூடியின்றி வரைவது மரபுரிமையைத் துறப்பதாகிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்மையைக் கயிறு காட்டுகிறது.

உள்ளுறையும் தன்னுருவும்

தமிழ் அகமரபு விலங்கின்வழி மனிதரை உணர்த்துவதில் நுட்பமானது. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை அமையும் என்பது தொல்காப்பியக் கொள்கை. அங்கு விலங்கு விலங்காகவே நிற்கிறது. மனிதரின் ஒழுகலாறு கேட்போர் மனத்தில் விளைகிறது. தன்னுருவிலோ விலங்கும் மனிதரும் ஓருடலில் நிற்கின்றனர். உள்ளுறையில் மறைந்திருக்கும் இணைப்பைக் கயிறாக வெளியே வரைந்து காட்டுவது 'மவுஸ்' நூலின் தனித்தன்மை.

முடிவுரை

1. நான்கு வடிவங்களிலும் தோற்ற ஒற்றுமை நோக்கமாக இல்லை. தந்தையின் அனுபவத்திற்கும் மகனுக்கும் உள்ள தொலைவே ஒவ்வொரு முறையும் திருத்தப்படுகிறது.

2. பிறர் வெறுப்பால் சுமத்திய உருவத்தை ஏற்று வரையும்போது, அது சுமத்தப்பட்டது என்பதையும் சேர்த்து வரைய வேண்டிய பொறுப்பு படைப்பாளருக்கு உண்டு. பன்றி முகமூடியும் எலி முகமூடியும் அப்பொறுப்பை நிறைவேற்றுகின்றன.

3. விலங்குமுகம் உண்மையைக் குறைக்கவில்லை. 1991இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இரண்டாம் தொகுதியைப் புனைவு நூல்களின் பட்டியலில் சேர்த்தபோது ஸ்பீகல்மன் கடிதம் எழுதி மறுத்தார். நூல் புனைவல்லாதவற்றின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எலியாக வரைந்தாலும் அது நடந்த வரலாறே என்ற அவருடைய நிலைப்பாட்டிற்கு இந்நிகழ்வு சான்றாகும்.