கிணற்றில் இரண்டு கயிறு, கடலில் இரண்டு கயிறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே கல்வராயன் மலை, அங்கிருந்து இறங்கிவரும் கோமுகி ஆறு, சமவெளியெங்கும் கிணறுகள். ஆனாலும் பாய்மரக் கயிறுகளின் சூட்சுமம் இங்குள்ள பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மோட்டார் வருவதற்கு முன், மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஊர்கள் இவை.

கவலையில் இரண்டு கயிறு உண்டு. தடித்த வடம் மேல் உருளை வழியாக, தண்ணீர் மொள்ளும் சாலின் முழுப் பாரத்தையும் தூக்கும். மெல்லிய வால் கயிறு, சாலின் அடியில் தொங்கும் தோல் வாலை மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் வால் கீழ் உருளையின் மேல் நீண்டு விரிய, தண்ணீர் தொட்டியில் கொட்டும். பாரம் சுமப்பது ஒரு கயிறு, தோலின் வடிவத்தை ஆள்வது இன்னொன்று.

தூத்துக்குடிப் பாய்மரத் தோணிகளிலும் இதே வேலைப் பிரிவினைதான். பருமல் என்னும் குறுக்குமரத்தோடு பாயை மேலேற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் பின்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான்.

ஏற்றிய பாயைக் காற்றுக்கு எந்தச் சாய்வில் நிறுத்துவது என்பதைத் தாமான்தான் முடிவு செய்கிறது. அதை மிகவும் தளர்த்தினால் பாய் படபடக்கும், இழுவிசை போய்விடும். மிகவும் இறுக்கினால் பாயின் பின்புறத்தில் காற்றோட்டம் பிரிந்துபோய், தோணி முன்னே செல்வதைவிடப் பக்கவாட்டில் சாய்வதே அதிகமாகும். சரியான அளவில் நின்றால், வளைந்த பாயின் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபட்டு, எதிர்க்காற்றிலும் குறுக்காக வெட்டி வெட்டி முன்னேறலாம்.

அத்தனை விசையையும் ஒருவர் கை எப்படித் தாங்கும்?

கயிற்றை ஒரு மரமுளையில் சுற்றினால் போதும். 18ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் ஆராய்ந்த விதி இது: சுற்றுகள் கூடக்கூட, பிடிமானம் பெருக்கல் கணக்கில் வளரும். உராய்வெண் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்று கைவிசையைச் சுமார் 6.6 மடங்காக்கும். இரண்டு சுற்று 43 மடங்கு, மூன்று சுற்று ஏறத்தாழ 285 மடங்கு.

கயிற்றின் உள்ளேயும் உராய்வுதான் வேலை செய்கிறது. தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி. அதனால் உப்புநீரில் எளிதில் மக்காது. ஆனால் ஒவ்வொரு நாரும் குட்டையானது. அவற்றை ஒரு பக்கமாக முறுக்கி இழையாக்கி, இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கிப் புரியாக்கி, புரிகளை மறுபடி எதிராக முறுக்குகிறார்கள். பிரிய முயலும் ஒரு முறுக்கை அடுத்த முறுக்கு இறுக்கிக்கொள்கிறது. மாட்டுத் தொழுவத்தில் கிடக்கும் நார்க்கயிறு ஒன்றின் நுனியைப் பிரித்துப் பாருங்கள்: எதிரெதிராகப் போகும் அந்த முறுக்குகள் வெறுங்கண்ணுக்கே தெரியும்.