கள்ளுக்கடையில் ஒரு பகல்

"எங்கே பயணம்?" என்று கேட்டாள் பட்டாபிராமில் எங்கள் அடுத்த வீட்டு மாமி.

"கள்ளுக்கடைக்கு" என்றேன்.

மாமியின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது! "அதற்கு ரயில் ஏறிப் பாலக்காடு வரை போவானேன்?" என்றாள், மூச்சு திரும்பியதும்.

போகத்தான் வேண்டும். நம் பக்கத்தில் கள் விற்க 1987 ஜனவரி 1 முதல் தடை. சேலம் ஜில்லாவில் 1937-ல் ராஜாஜி ஆரம்பித்த மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது, பிறகு கடைகளை மூடுவதும் திறப்பதுமாகச் சில வருஷங்கள். 2003 முதல் சீசாச் சரக்கைச் சர்க்காரே சில்லறையாக விற்கிறது. ஆனால் மரத்திலிருந்து இறக்கிய கள் மட்டும் கூடாது. இது என்ன கணக்கு என்று தென்னை விவசாயிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால், சித்தூர் தாலுகாவில், கதை வேறு. கேரளத்தின் கள்ளுக்கு இந்தத் தாலுகாதான் பெரிய ஊற்று. இங்கிருந்து மற்ற ஜில்லாக்களுக்கும் வண்டி வண்டியாகப் போகிறது. நான் போன கடை தோப்புக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று ஒரே வார்த்தை. உள்ளே பெஞ்சுகள், மீன் குழம்பு வாசனை, மரவள்ளிக் கிழங்கு வேகும் ஆவி. ஒரு மூலையில் தடுப்புக் கட்டிய அறை. அதில் ஒரு தம்பதி, கூடவே பாட்டி, எல்லோரும் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்கள். பாட்டியின் எதிரில் கள் இல்லை, மீன்தான்!

கடைக்குக் கள் வருவது பின்பக்கத்துத் தோப்பிலிருந்து. மரம் ஏறுகிறவர் நல்ல தமிழ் பேசினார். விரியாத தென்னம்பாளையை இறுகக் கட்டி, தினமும் மெல்லத் தட்டிக்கொண்டே வரவேண்டுமாம். பலமாகத் தட்டினால் பாளை கெட்டுவிடும். பூப்போலத் தட்டினால் பால் ஊறாது. ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழக்கிய பிறகு நுனியைச் சீவினால் சொட்டத் தொடங்கும். அதன் பிறகு காலையும் மாலையும் ஏறி, மெல்லிசாகச் சீவி, கலயத்தை இறக்க வேண்டும். மழையென்றும் பண்டிகையென்றும் லீவு கிடையாது. ஒரு நாள் சீவாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும்.

சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் நுரைக்க வைத்துவிடும். மறுநாளும் வைத்திருந்தால் காடிதான். ஆகையால் இங்கே ஊறல் போடுவது, காய்ச்சுவது ஒன்றும் இல்லை, மரமே பட்டறை. ஆப்ப மாவு பொங்க இதே கள்ளை ஊற்றும் பழக்கம் உண்டென்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம்.

நான் ருசி பார்த்தேனா என்பீர்கள். ஒரு வாய். புளித்த மாவில் இளநீரைக் கலந்த மாதிரி இருந்தது. இரண்டாம் வாய்க்கு ஆசை வரவில்லை.

கள் சாதுவான பானம் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பூரண சம்மதம் இல்லை. மரம் கொடுப்பது கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. அந்த இடைவெளியில் கலப்படம் புகுகிறது. 2010-ல் மலப்புரம் ஜில்லாவில் விஷம் கலந்த கள்ளைக் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கள் இறக்குவதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த ஈழவ சமூகத்தை அத்தொழிலை விட்டுவிடச் சொன்னவர் அதே சமூகத்தில் பிறந்த நாராயண குரு. கேரளத்தில் 1996-ல் சாராயத்தைத் தடை செய்தபோதும் கள் தப்பியதற்கு, அதை நம்பியிருக்கும் தொழிலாளர் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கென்று 1969-லேயே சேமநலநிதிச் சட்டம் வந்துவிட்டது. அதே சமயம், கள் இல்லாத நம் ஊரில் விஷச் சாராயம் ஒழிந்ததா? 2024-ல் கள்ளக்குறிச்சியில் போன உயிர்கள் அறுபதுக்கு மேல்.

மரமேறியின் மனைவி கடைக்குக் கிழங்கு வேகவைத்துக் கொடுக்கிறார். "உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"குடிச்சா ஏற முடியுமுங்களா, அம்மிணி?" என்று சிரித்தார். "அங்கே இருந்து விழுந்தா எலும்பு மிஞ்சாதுங்க. குடிக்கிறவங்க சம்சாரத்துக்கு ஒரு கவலை, எனக்கு வேற கவலை. தினம் ரெண்டு வேளை, அவர் கால் தரையிலே பட்ட பிறகுதான் நான் அடுப்பைப் பார்ப்பேனுங்க."

"பையன் இந்தத் தொழிலுக்கு வருவானா?"

"அவன் கோயமுத்தூரிலே மோட்டார் கம்பெனியிலே இருக்கான். வரச் சொல்ல மாட்டேனுங்க. ஆனா இவரு இறங்குற வரைக்கும் மரம் இருக்கணும், கடையும் இருக்கணும்."

நான்கு மணி ஆயிற்று. அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தோப்புப் பக்கம் திரும்பினார். கணவர் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு அடுத்த மரத்தில் கால் வைத்துக்கொண்டிருந்தார்.