தடிப்புக்குக் காரணம் மருந்தா, நோயா?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

காய்ச்சலாய்க் கிடந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் கண்கூடாகக் கண்டோம். எங்கள் தம்பிக்கு அப்போது வயது ஆறு. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன; கழுத்தில் நெறி கட்டியது. முன்பொரு முறை அவனுக்கு எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, கடையில் அமாக்சிசிலின் மருந்தை வாங்கிக் கொடுத்தோம். ஏழாம் நாள் காலையில் முகம், மார்பு, முதுகு எங்கும் செம்புள்ளிகள்!

“அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கொண்டு வாருங்கள்” என்றார் பாட்டி. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனி இவனுக்கு இது ஆகவே ஆகாது” என்றார் அம்மா. இரண்டும் சரியல்ல என்பதை மருத்துவரிடம் சென்ற பிறகே அறிந்தோம்.

1928-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும், அதன் வழிவந்த அமாக்சிசிலினும் பாக்டீரியாக்களின் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அவற்றை அழிக்கின்றன. வைரசுக்கோ அத்தகைய சுவரே இல்லை. ஆகவே வைரசால் வரும் சளி, காய்ச்சல், தொண்டை வலிக்கு இம்மருந்துகளால் பயனில்லை.

மேலும், பல வைரசுகள் தாமாகவே தோலில் தடிப்பை உண்டாக்குகின்றன. ‘ரோசியோலா’ என்னும் நோயில் கைக்குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நாள் கடுங்காய்ச்சல் அடிக்கும். காய்ச்சல் தணியும்போது தடிப்பு தோன்றும். நடுவில் மருந்து கொடுத்திருந்தால் பழி மருந்தின்மேல் விழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

நோயும் மருந்தும் சேர்ந்து செய்யும் விந்தையும் உண்டு. 1964-இல் எப்ஸ்டீன், பார், அச்சோங் ஆகிய மூவர் ஒரு வைரசைக் கண்டறிந்து வெளியிட்டனர். எச்சில் வழியே பரவும் இந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலையும், தொண்டைப் புண்ணையும், நெறியையும் தரும். இந்நோய் உள்ளவர்களுக்கு ஆம்பிசிலின் கொடுத்தால் பெரும்பாலோருக்குத் தடிப்பு வருகிறது என்று 1967-இல் மருத்துவர்கள் எழுதினர். அமாக்சிசிலின் பெறும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே இது வருவதாகப் பிற்கால ஆய்வு ஒன்று கூறுகிறது. வைரசை எதிர்த்துப் பொங்கியெழுந்த உடலின் காவற்படை, அந்நேரத்தில் வந்த மருந்தின்மீதும் சீறுகிறது எனக் கருதுகிறார்கள். நோய் தீர்ந்தபின் அதே மருந்தைப் பலர் தொல்லையின்றி உட்கொள்கின்றனர். இரத்தப் பரிசோதனையில் எங்கள் தம்பிக்கு வந்ததும் இந்த வைரஸ்தான் என்று தெரிந்தது.

அப்படியானால் உண்மையான ஒவ்வாமை எப்படி இருக்கும்? பெரும்பாலும் மருந்து உண்ட ஒரு மணி நேரத்துக்குள் அரிப்புடன் காணாக்கடி போலத் தடிக்கும், உதடும் இமையும் வீங்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எந்த நாளில் வந்தாலும், கொப்புளம், தோல் உரிதல், வாயிலும் கண்ணிலும் புண் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகளே. சில நாள் கழித்துப் படரும் சாதாரணச் செம்புள்ளிகள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும். ஆயினும் எது எதுவென்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே, நாம் அல்ல.

“தடிப்பு மறைந்துவிட்டதே, பிறகென்ன?” என்று கேட்கலாம். ‘பெனிசிலின் ஆகாது’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. நாளை நிமோனியா வந்தால், அல்லது ருமாட்டிக் காய்ச்சலிலிருந்து இதயத்தைக் காக்கப் பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி தேவைப்பட்டால், அந்த நல்ல மருந்து அக்குழந்தைக்கு மறுக்கப்படும். கனடாவின் மான்ட்ரியல் நகரில், அமாக்சிசிலின் ஒவ்வாமை இருக்கலாம் என ஐயுற்ற 818 பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் தம் கண்காணிப்பில் அம்மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 94 பேருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்று 2016-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. இச்சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கலாகாது.

சில மாதங்களுக்குப் பின் எங்கள் தம்பிக்கும் மருத்துவமனையில் அவ்வாறே கொடுத்துப் பார்த்தார்கள். அம்மா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றும் ஒன்றும் நேரவில்லை. அடுத்த நாட்களிலும் ஒன்றும் நேரவில்லை. அவனது உடல்நலக் குறிப்பேட்டில் தாம் எழுதியிருந்த ‘பெனிசிலின் ஆகாது’ என்ற வரியை, மருத்துவர் சொன்னபின் அம்மாவே அடித்தார்.

தோழியரே! பழைய சீட்டுக்கு மருந்து வாங்காதிருப்போம். தடிப்பு வந்தால் மருந்தின் பெயர், கொடுத்த நாள், தடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வோம். தீர விசாரிக்காமல் மனிதர்மேல் மட்டுமல்ல, மருந்தின்மேலும் பழி சுமத்தாதிருப்போம்!