மடங்கியதும் நிமிர்ந்ததும்

சித்திரை வெயிலில் சற்று நேரம் நின்றுவிட்டு, ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலுக்குள் நுழைந்து பாருங்கள்.   முதலில் கண் இருட்டும். பிறகு முன்னால் நிற்பவரின் வெள்ளைச் சேலை தெரியும், மெல்ல முகம் தெளியும். கண் பழகிவிட்டது என்கிறோம். பழகியது கண்ணுக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறு.

மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் கோல் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. அவற்றில் நிறைந்திருக்கும் நிறமி ரோடாப்சின். அதில் ஆப்சின் என்ற புரதத்துக்கு நடுவே ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு செருகியிருக்கும். இருட்டில் அது முழங்கையை மடக்கிய கைபோல வளைந்திருக்கும். வளைவு இருக்கும் இடத்தில் இரட்டைப் பிணைப்பு, லேசில் திருகாது. ஒளித்துகள் ஒன்று பட்டதும் அந்தப் பிணைப்பு தளர்ந்து, கை நீண்டுவிடுகிறது. ஒரு வினாடியை 5 லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நேரம் போதும்! நிமிர்ந்த ரெட்டினால் இடம் போதாமல் ஆப்சினை நெட்டித் தள்ள, புரதத்தின் உருவமும் மாறுகிறது. அங்கே தொடங்கும் வேதிவினைகள்தான் மூளைக்குச் சேதியாகப் போகின்றன. பார்வையில் ஒளி செய்யும் வேலை இந்த நிமிர்த்தல் மட்டுமே. இதை விளக்கிய ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நிமிர்ந்ததை மறுபடி மடக்குவது உடம்பின் பொறுப்பு. ரெட்டினால் புரதத்தைவிட்டுக் கழன்று, பக்கத்து அடுக்குக்குப் போய், நொதியால் மடங்கித் திரும்ப வேண்டும். அதனால்தான் கடும் வெயிலுக்குப் பின் இருட்டுக்குக் கண் முழுக்கத் தேற அரைமணி நேரத்துக்கு மேலாகும்.

அந்த ரெட்டினாலுக்கு மூலப்பொருள் வைட்டமின் ஏ. அது குறைந்த குழந்தை விளக்கு வைக்கும் நேரத்தில் சோற்றுத் தட்டைத் தடவும், வாசற்படியில் இடறும். மாலைக்கண் என்று நம்மவர்கள் வைத்த பெயர் எவ்வளவு துல்லியம்! கவனிக்காமல் விட்டால் கருவிழியே கெட்டுப் பார்வை போய்விடும். இதைத் தடுக்க 1970-இல் இந்திய அரசு வைட்டமின் ஏ திட்டத்தைத் தொடங்கியது. குழந்தைக்கு 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் யூனிட். அதன்பின் 5 வயதுவரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம்.

வைட்டமின் ஏ கிடைக்க, குழந்தைக்கு முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கிக் கொடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் ஒட்டும். அங்கன்வாடியில் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.